எமரால்டு படகுக்கு ஒரு சின்ன மோட்டார்

1. நன்றாக ஓடிய படகு

முதல் நாள் எமரால்டு அணையில் நான் ஏறிய படகு மிக நன்றாக ஓடியது. பிரச்சினையே அதுதான்.

எனக்கு வயது இருபத்து மூன்று. பணி அனுபவம் எழுதுகிற வயசா இது என்று பட்டறையில் கேலி செய்கிறார்கள். ஐ.டி.ஐ.-யில் எலக்ட்ரீஷியன் டிரேட் முடித்துவிட்டுக் குன்னூரில் ஒரு பட்டறையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. தேயிலை பேக்டரிகளில் ரோலர், டிரையர் பேன், கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு என்று எது கெட்டாலும் எங்களிடம்தான் வரும். படகு மட்டும் வந்ததில்லை. வந்தபோது என்ன செய்தேன், எதில் கோட்டை விட்டேன் என்று எழுதி வைத்தால், டிரேடில் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். அவர்கள் புதிதாக வேறு இடத்தில் கோட்டை விடட்டும்.

அந்தப் படகு எட்டுக் குடும்பங்களுக்குச் சொந்தம். எல்லாரும் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். எங்கள் வீட்டாரும் அதே கப்பல். எனக்கு அப்போது பதினாலு வயசு. தாயகம் திரும்பியோர் திட்டத்தில் சிலருக்குத் தேயிலை வேலை கிடைத்தது, சிலருக்கு மாடு கிடைத்தது. இந்த எட்டுக் குடும்பத்துக்குப் படகு கிடைத்தது. பதினாறடி மரப் படகு, பின்னால் பத்து குதிரைச் சக்தியில் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின். பிறந்ததிலிருந்து மலையில் கொழுந்து எடுத்தவர்கள், ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆனாலும் ஒரு வருஷத்துக்குள் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதிலும் சுக்கான் பிடிப்பதில் புஷ்பம் அக்காவை அடிக்க ஆள் இல்லை.

அணையின் மேல் பக்கத்தில் ட்ரவுட் மீன் இருக்கிறது. அங்கே வலை போடக் கூடாது, தூண்டில் மட்டும்தான். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் நீளமாகத் தூண்டில் கயிற்றை விட்டு இழுக்க வேண்டும். கயிற்றின் முனையில் கரண்டி மாதிரி ஒரு பளபளப்பான தகடு இருக்கும். மெதுவாக இழுத்தால் அது அடிபட்ட குஞ்சு மீன் போல நெளியும், ட்ரவுட் பாய்ந்து கவ்வும். வேகமாக இழுத்தால் தகடு பம்பரமாகச் சுற்றி மேலே மிதந்துவிடும்.

எங்கள் படகில் அது பம்பரமாகத்தான் சுற்றியது. எஞ்சினை எவ்வளவு குறைத்தாலும் படகு ஓடியது. இன்னும் குறைத்தால் பத்து நிமிஷத்தில் பிளக் கரியடைத்து நின்றுவிட்டது.

"பாத்தியா தம்பி," என்றார் புஷ்பம் அக்கா. "ஒண்ணு ஓடுது, இல்லாட்டி படுக்குது. நடக்கவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு மாதிரி."

அக்காவின் வீட்டுக்காரர் கரையில் கயிறு சுற்றிக்கொண்டு இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். நிமிராமல் சிரித்தார்.

2. இன்ஸ்பெக்டரின் ரெண்டு நிபந்தனை

மீன்வளத் துறை இன்ஸ்பெக்டர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நல்ல மனிதர். ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். மேல் பக்கத்து ட்ரவுட்டுக்கு ஒரே ஒரு படகுக்குத்தான் பெர்மிட். ஊட்டியில் ஒரு ஓட்டல்காரரும் சுற்றுலாப் பயணிகளுக்காக அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நான் ஒண்ணும் பெருசா கேக்குலீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டே ரெண்டுதான். மூணு மணி நேரம் மெதுவா இழுத்து மீன் புடிச்சுக் காட்டோணும். அப்பறம் பெரிய எஞ்சின் நின்னு போச்சுன்னு வெச்சுக்குங்க, கூட ஒரு சின்ன மோட்டார் வெச்சு அதுலயே அந்தக் கோடியிலிருந்து கரைக்கு வந்து சேரோணும். தண்ணி ஐஸ் மாதிரி இருக்குது. நீங்க ஒருத்தருமே நீச்சல் தெரியாதவிங்க. உசுருக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க."

"எப்ப சார் பாக்க வருவீங்க?" என்று கேட்டார் புஷ்பம் அக்கா.

"அடுத்த வாரக் கடைசீல வர்றனுங்க. முடியலைன்னா வருத்தப்படாதீங்க, ஓட்டல்காரருக்குக் குடுத்துர்றேன்."

அவர் போன பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மின்சாரம் படித்த பையன் நான்தான். ஒரு வாரத்தில் மோட்டார் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த மோட்டார் என்று அப்போது எனக்கே தெரியாது.

பட்டறை முதலாளியிடம் லீவு கேட்டேன். "ஏந்தம்பி, படகு எல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா. திங்கக்கெழம நீ வரலைன்னா அந்த ரோலரை நானே கழட்டோணும். என்ற இடுப்பு உங்கையிலதான் இருக்குது," என்றார்.

3. மூன்று மோட்டார்

குன்னூரில் ஒரு பழைய சாமான் கடைக்காரர். தோட்டங்களை விற்றுவிட்டுப் போன துரைமார் விட்டுச் சென்ற சாமான்களில் பாதி அவர் கடையில்தான் கிடக்கிறது. படகில் வைக்கிற சின்ன மோட்டார் அவரிடம் மூன்று இருந்தது. ஒன்று மூணு குதிரைச் சக்தி பெட்ரோல். மற்ற இரண்டும் பேட்டரியில் ஓடுகிற மின்மோட்டார், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. தூண்டில் இழுக்கவே செய்தவை. குழாயின் அடிமுனையில் மோட்டார், அதில் சின்னக் காத்தாடி. அவ்வளவுதான். கையில் எடுத்ததும் எனக்குக் கீழே வைக்க மனசு வரவில்லை.

பெட்ரோல் மோட்டாரை ஒரு நாள் இரவல் வாங்கிப்போய்ப் படகில் மாட்டிப் பார்த்தேன். முழு வேகத்தில் ஜம்மென்று போனது. மெதுவாக்கினால் அதுவும் பெரிய எஞ்சினின் தம்பிதான். குன்னூரில் சரியாக மூச்சு விடுகிற கார்புரேட்டர் எமரால்டு உயரத்தில் மூச்சு முட்டுகிறது. காற்று அங்கே மெலிசு, பெட்ரோல் மட்டும் அதே அளவு இறங்குகிறது. மறுபடி பிளக் கரி. பெட்ரோல் இறங்குகிற துளைக்கு ஜெட் என்று பெயர், உயரத்துக்கு ஏற்ற சின்ன ஜெட் போட்டால் சரியாகும். ஆனால் அந்த மோட்டாருக்கு ஜெட் எங்கேயும் கிடைக்கவில்லை.

மிச்சம் இரண்டு மின்மோட்டார். அவற்றின் தலையில் குதிரைச் சக்தி என்று எதுவும் போடவில்லை. சின்னதில் பதினெட்டு பவுண்டு இழுவை என்றும், பெரியதில் இருபத்தெட்டு பவுண்டு என்றும் பொறித்திருந்தது. பெரியதையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அது இரண்டு லாரி பேட்டரி கேட்கும். எங்களிடம் இருந்தது ஒன்று. இன்னொன்று கிடைத்தாலும் அதன் கனத்துக்குப் படகிலிருந்து ஒரு ஆளை இறக்க வேண்டும். சின்னதுக்கு ஒரே பேட்டரி போதும். மூன்று மணி நேரம் மெதுவாக இழுத்துவிட்டுத் திரும்பி வரவும் அதில் சார்ஜ் இருக்கும்.

இனிக் கேள்வி ஒன்றுதான். எங்கள் படகை இழுக்க எத்தனை பவுண்டு வேண்டும்?

4. படகை எடை போட்டது

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போதும் அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. இழுவை என்பது எடைதானே, எடையை அளக்கத் தராசு போதுமே என்று தோன்றியது. பட்டறையில் ஒரு தொங்கு தராசு கிடந்தது. மேலே கொக்கி, கீழே கொக்கி, நடுவில் வட்ட முகத்தில் முள். கொழுந்துக் கூடையை மாட்டி நிறுப்பது. பழுது பார்த்து முடித்தும் யாரும் வந்து வாங்கிப் போகவில்லை. முதலாளியிடம் கேட்டு எடுத்துப் போனேன்.

படகின் மூக்கு வளையத்தில் தராசு. தராசின் அடுத்த கொக்கியில் நீளக் கயிறு. கயிற்றைப் பிடித்துக் கரையோரமாக ஒருவர் நடக்க வேண்டும். படகு கூடவே வரும். முள் காட்டுவதுதான் இழுவை.

எந்த வேகத்தில் நடப்பது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட்டோம். மூங்கில் கழியில் தகட்டைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டுக் கரையில் நடந்து பார்த்தேன். என் நடைக்குப் பம்பரம். புஷ்பம் அக்கா கொழுந்தெடுக்கிற நடைக்குத் தகடு செத்துப்போய்த் தொங்கியது.

"இரு," என்றார் அக்கா. "கூடை நெறஞ்சு மடுவத்துக்கு எறங்குற நடை நடந்து பாக்குறேன்."

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அக்கா கழியை வாங்கிக்கொண்டு, முதுகில் இல்லாத கூடைக்குக் கொஞ்சம் குனிந்து நடந்தார். தகடு உயிருள்ள குஞ்சு போல நெளிந்தது. அந்த நடையையே வைத்துக்கொண்டோம்.

தராசைப் படிக்க, அந்த எட்டுக் குடும்பத்தில் ஒருவரான மாரிமுத்து அண்ணன். அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். இலங்கையில் ஒரே தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்துத் தராசு பிடித்தவர். முள் ஆடி முடிப்பதற்குள் எடை சொல்லிவிடுவார். படகின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் துடுப்பால் படகைக் கரையில் மோதாமல் தள்ளிக்கொண்டு, தராசைப் பார்த்துக் கூவினார். அக்கா கயிற்றைத் தலையில் பட்டியாகப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் நோட்டோடு பக்கத்தில் நடந்தேன்.

காலையில், காற்றே இல்லாதபோது அண்ணன் மூணு என்று கூவினார். மத்தியானம் மூணு மணிக்கு மேல் எமரால்டு பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து காற்று இறங்கும். அந்தக் காற்றுக்கு எதிராக, மழைக்காகக் கட்டியிருந்த தார்பாய்ப் பந்தலோடு, நாலு பேர் கனத்தோடு இழுத்தோம். இரண்டு தரமும் அண்ணன் சொன்னது ஏழு.

காற்றுக்கு எதிராக ஏழு கிலோ. சின்ன மோட்டாரின் பதினெட்டு பவுண்டு என்பது எட்டு கிலோ. ஒரு கிலோ மிச்சம். நோட்டில் கோடு போட்டு முடித்தேன், சின்னதையே எடுப்பதென்று முடிவு செய்தேன்.

"பதினெட்டு ராத்தலா?" என்றார் மாரிமுத்து அண்ணன். அவருக்குப் பவுண்டு எப்போதும் ராத்தல்தான். "அது ஒரு பொம்பளப் புள்ள காலைக் கொழுந்துக்கு எடுக்கிறது. அதுவா இம்மாம் பெரிய படக இழுக்கும்?"

"நீங்கதானே அண்ணே நிறுத்தீங்க?"

"நான் நிறுத்தா தப்பாதுடா," என்றார்.

5. நடுத் தண்ணீரில்

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் கம்பளித் தொப்பியும் மப்ளருமாக வந்து ஏறினார். படகில் அவர், புஷ்பம் அக்கா, மாரிமுத்து அண்ணன், நான். பெரிய எஞ்சினில் மேல் கோடிக்குப் போய், அதை அணைத்துத் தூக்கி வைத்துவிட்டுச் சின்ன மோட்டாரை இறக்கினோம். சத்தமே இல்லை. தண்ணீர் பலகையில் உரசுகிற ஒலி மட்டும்தான். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, "ஓடுதுங்களா?" என்று கேட்டார். அப்போது படகு போய்க்கொண்டுதான் இருந்தது.

அரை மணி நேரத்தில் முதல் ட்ரவுட். மூன்று மணி நேரத்தில் ஏழு. இன்ஸ்பெக்டர் இரண்டைத் தாமே இழுத்தார். முதல் நிபந்தனையின் மேல் நோட்டில் டிக் போட்டார்.

பிறகு கரைப் பக்கம் திரும்பினோம். மேற்கிலிருந்து காற்று நேர் எதிரே வந்துவிட்டது. மோட்டாரை முழுக்கத் திருகினேன். படகு கொஞ்சம் போனது. அப்புறம் மெதுவானது. அப்புறம் நின்றது. காத்தாடி சுற்றுகிறது, தண்ணீர் பின்னால் நுரைக்கிறது, கரையில் இருந்த சவுக்கு மரம் அங்கேயே நிற்கிறது.

"என்ன தம்பி, மரமும் கூடவே வருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். பேட்டரியில் சார்ஜ் இருந்தது, வயர் இறுக்கமாக இருந்தது, காத்தாடியில் எதுவும் சிக்கவில்லை. படகு மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பெரிய எஞ்சினை இறக்கினால் ஐந்து நிமிஷத்தில் வீடு, ஆனால் பெர்மிட் ஓட்டல்காரருக்கு. புஷ்பம் அக்கா அந்த எஞ்சினைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து அன்னிக்கி அடிச்ச அளவுதானே அண்ணே?" என்று கேட்டேன்.

"அதே காத்துதான்."

"அன்னிக்கி முள்ளு எதுல நின்னுச்சு?"

"ஒம்போதுல."

"ஏழுன்னுல்ல சொன்னீங்க?"

மாரிமுத்து அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முள்ளு ஒம்போது காட்டுச்சு தம்பி. கூடைக்கு ரெண்டு கழிக்க வேணாமா?"

 காற்று தார்பாயைப் படபடவென்று அடித்தது. அண்ணனின் முகம் மெதுவாக மாறியது. "ஐயையோ," என்றார் மிக மெல்ல. "அங்க கூடை ஏது."

புஷ்பம் அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டே குலுங்கினார். "பன்னண்டு வருசம் ஏங் கூடையில ரெண்டு ரெண்டாக் கழிச்சாங்களே, அதெல்லாம் எங்க போச்சுன்னு பாத்தேன். அம்புட்டும் இந்தா டேமுக்குள்ள வந்து படகப் பின்னால இழுக்குது."

"நான் என்னம்மா பண்ணுவேன், கை பழகிப் போச்சு. அங்க ராத்தல்ல ரெண்டு, இங்க கிலோவுல ரெண்டு."

"அதுலயும் லாபம் தோட்டத்துக்குத்தான்," என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டருக்கு முதலில் புரியவில்லை. மடுவத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் எடை கழிக்கிற வழக்கத்தை நான் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவரும் மப்ளரை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது என் மண்டை வேலை செய்தது. தப்பு எவ்வளவு என்று இப்போது சரியாகத் தெரியும். வேண்டியது ஒன்பது, மோட்டாரிடம் இருப்பது எட்டு. ஒரு கிலோதான் குறை. மோட்டாரைக் கூட்ட முடியாது, காற்று பிடிப்பதைக் குறைக்கலாம். படகில் காற்று எதையெல்லாம் பிடித்துத் தள்ளுகிறது?

"பந்தலப் பிரிங்க அண்ணே," என்றேன். அண்ணன் பாய்ந்து முடிச்சுகளை அவிழ்த்தார். தார்பாய் கீழே வந்தது, கம்புகளும் வந்தன. படகு பின்னால் போவதை நிறுத்தியது.

"இப்ப எல்லாரும் படுங்க."

"படுக்கோணுங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நெஞ்சுல வாங்குற காத்து மிச்சமாகும் சார்."

அவர் என்னைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏழு ட்ரவுட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். அண்ணன் அவருக்கு அடுத்து. நான் மோட்டார் கைப்பிடியைப் பிடித்தபடி பலகையோடு பலகையாக ஒட்டினேன். புஷ்பம் அக்கா மட்டும் தலையை விளிம்புக்கு மேல் ஒரு சாண் தூக்கி வழி பார்த்தார்.

"மரம் என்னாச்சுங்க?" என்று கீழிருந்து கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பின்னால போகுது சார்," என்றார் அக்கா.

வேகமாகப் போகவில்லை. நிறைந்த கூடையோடு மேட்டில் ஏறுகிற வேகம்தான். இடையில் இன்ஸ்பெக்டர், "இப்படிப் படுத்துட்டேதான் தெனமும் வருவீங்களா?" என்று கேட்டார்.

"காத்தடிக்கிற அன்னிக்கி மட்டும் சார். மத்த நாளுல ஒக்காந்துக்கலாம்."

முக்கால் மணி நேரத்தில் படகின் மூக்கு கரை மண்ணில் இடித்தது. காத்திருந்தவர்கள் படகில் ஆளே இல்லாததைப் பார்த்துப் பயந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். நடுவிலிருந்து ஒரு கம்பளித் தொப்பி மெல்ல எழுந்தது. அக்காவின் வீட்டுக்காரர் ரெண்டு அடி பின்னால் போனார்.

6. கையெழுத்துக்குப் பிறகு

இன்ஸ்பெக்டர் கரையிலேயே முழங்காலில் நோட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வரி எழுதினார்: கூரைப் பந்தல் கட்டக் கூடாது. "பெரிய மோட்டார் மாத்துன அன்னிக்கி இந்த வரிய அடிச்சுக்கலாமுங்க," என்றார். மீனைக் கொடுத்தபோது வாங்கவில்லை. "நான் பக்கத்துலயே படுத்துட்டு வந்தனுங்க, அதுவே போதும்," என்றார். அவர் கோட்டு மணத்தை வைத்துப் பார்த்தால் அது உண்மைதான்.

திங்கட்கிழமை ரோலரைக் கழற்றும்போது முதலாளியிடம் முழுக் கதையும் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "இத்தன வருசமா நாம பழுது பாத்துக் குடுத்த தராசெல்லாம் சரியாத்தான் காட்டியிருக்குது," என்றார்.

டிரேடில் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். படகுக்குச் சின்ன மோட்டார் தேடினால் குதிரைச் சக்தியைக் கேட்காதீர்கள், இழுவையைக் கேளுங்கள். வருகிற எதிர்க்காற்றில், முழுக் கனத்தோடு இழுத்து அளந்து பாருங்கள். அளந்ததற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு கிலோ மிச்சம் என்பது மிச்சமே இல்லை. முள்ளை உங்கள் கண்ணால் பாருங்கள். மாரிமுத்து அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் கண் ஒழுங்காகத்தான் பார்த்தது, அவருடைய இருபது வருஷம் அதில் கழித்துவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்க்காமல், நோட்டில் எழுதுகிற அவசரத்தில் இருந்தவன் நான்.

தராசு பட்டறைக்குத் திரும்பவில்லை. முதலாளியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எமரால்டில் படகுக் கொட்டகை உத்தரத்தில் தொங்குகிறது, மீன் நிறுக்க. நிறுப்பது இப்போதும் மாரிமுத்து அண்ணன்தான். அவரைவிட வேகமாக முள் படிக்கிறவர் இல்லை.

பெர்மிட் வாங்கிய பிறகு முதன்முதலாக மீன் பிடித்த அன்று நான் அங்கே இருந்தேன். அண்ணன் கூடையை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். புஷ்பம் அக்கா கூடையை அவர் கையிலிருந்து வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு ட்ரவுட்டாகச் செவுளில் கொக்கியைக் கோத்து வெறுமனே தொங்கவிட்டார்.

"இப்பக் கழிங்கண்ணே பாப்பம்," என்றார்.